பாடல்கள் இடம் மாறிய மாலை

மறைந்த என் அண்ணனின் பாடல்களில் அவர் குரலை அழித்துவிட்டு, என் கணவர் தாமே பாடித் தம் பெயரில் வெளியிட்டிருந்தார். அன்றிரவு அவருக்கு மேடை நிகழ்ச்சி. பழைய கணினியிலிருந்த அப்பாடல்களைப் புதியதற்கு மாற்றித் தருமாறு என்னிடம் கூறினார்.

முதல் பாடல் மாறியதும் ஒலிக்கச் செய்தேன். அண்ணன் பாடினார்.

"உங்க அண்ணன் பாடினதையெல்லாம் அன்னைக்கே அழிச்சிட்டேனே! அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து விளையாடுறீங்களா?" என்றார் கணவர். அவர் குரல் சற்றே கம்மியிருந்தது.

ஒவ்வொரு பாடலாக மாற மாற, கணவரின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது.

"போதும்மா, நிறுத்திடு" என்றது வெறும் காற்றாகக் கேட்டது. பிறகு வாய் மட்டும் அசைந்தது. கைகளைக் கூப்பினார்.

நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"உட்காருங்க. இன்னும் நாலே பாட்டுதான் பாக்கி" என்று பணிவுடன் சொன்னேன்.