கடைசி வரிசை

கைப்பேசியை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு, தரையில் பதிக்க அடுத்த வினைல் பலகையை எடுத்தாள் அவள்.

"சாய்ச்சுச் சொருகி, அப்புறமா அமுக்கு," என்றான் திரையில் கணவன்.

ரப்பர் சுத்தியலால் தட்டினாள். 'டக்'கென்று பொருந்தியது.

"சுவரோரம் கொஞ்சம் இடைவெளி விடு. வெயில் காலத்துல பலகை விரியும்."

"வீடியோ பார்த்தே மேஸ்திரி ஆயிட்டீங்க! முட்டி தேயறது எனக்குத்தான்."

"நான் அங்க இருந்தா ஒரே நாள்ல முடிச்சிருப்பேன்."

"வரவேண்டியதுதானே?"

"வரேன்."

"மூணு மாசமா இதையேதான் சொல்றீங்க."

அவன் முகம் வாடிப்போனது.

கடைசி வரிசைப் பலகையைக் கத்தியால் கீறி, ஒடித்துப் பொருத்தினாள். அழைப்பைத் துண்டித்துவிட்டு எழுந்தாள். படுக்கையறைக் கதவைத் தள்ளித் திறந்தாள்.

கட்டிலில் கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருந்தான் கணவன்.

ஹாலின் வழவழப்பான பழைய டைல்ஸில் வழுக்கி விழுந்துதான் அவனுக்குக் கால் முறிந்தது. எலும்பு எப்போதோ கூடிவிட்டது; பயம்தான் விடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்முதல் அறைவாசலை அவன் தாண்டவேயில்லை.

அவள் ஒரு குவளைத் தண்ணீரைச் சொரசொரப்பான புதுத் தரையில் கொட்டி, அதன்மேல் வெறுங்காலோடு நடந்து காட்டினாள்.

"இப்ப என்ன சொல்றீங்க?"

அவன் சுவரைப் பிடித்தபடி வாசலுக்கு வந்தான். ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தான். மெல்ல மற்றொரு காலையும் எடுத்து வைத்தான்.

"சுவரோரம் இடைவெளி விட்டியா?" சுவரிலிருந்து கையை எடுக்காமலே கேட்டான்.

அவள் ஹாலின் எதிர் மூலைக்குப் போய் நின்றுகொண்டாள்.

"இதுவரைக்கும் நடந்து வந்து நீங்களே பாருங்க, மேஸ்திரி!"