யானை குடியிருக்கும் பாறை

ஏரிக்கரை உடையாமலிருக்க, காட்டில் மேய்கிறவர்கள் எல்லோரும் அவரவர் கொழுக்கும் அளவுக்கு ஏற்றபடி மண் சுமந்து கரையில் கொட்ட வேண்டும். முயல் தினமும் கொட்டியது. யானை கொட்டவில்லை.

"நான் இங்க சாப்பிடறதோட சரி. உடம்பு ஏறுறதெல்லாம் அங்கதான்" என்று நடு ஏரியில் ஒரு மொட்டைப் பாறையைக் காட்டியது. அதில் யானையின் ஒரு கால் வைக்கக்கூட இடமில்லை.

"ரொம்பக் கேட்டா அக்கரைக் காட்டுக்குப் போயிடுவேன். அங்க பாதி போதுமாம்."

இக்கரையில் பயந்துபோய்க் கால் பங்கு போதும் என்றார்கள். அக்கரையில் அதுவும் வேண்டாம் என்றார்கள். கடைசியில் இரு கரையிலும் யானையின் பங்கையும் முயல்களே சுமந்தன.

இதைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஒன்பது வருஷம் ஆராய்ந்த ஆமை, ஒருநாள் முயலை நிறுத்தியது.

"கண்டுபிடிச்சிட்டேன். யானை தின்னுறதும் இங்கதான், கொழுக்கிறதும் இங்கதான். நானூறு பக்கம் எழுதியிருக்கேன்."

"அது தெரிஞ்சுதானே சுமக்கிறோம். யாராவது படிச்சாங்களா ஐயா?"

"யானை படிச்சார். உடனே என்னை ஆலோசகரா வேலைக்கு வெச்சுக்கிட்டார். இப்ப வயிறாரச் சாப்பாடு."

"அப்ப நாளையிலேர்ந்து நீங்களும் ஒரு கூடை சேர்த்துக் கொட்டுங்க."

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

"நான் இப்ப அந்தப் பாறையிலதாம்ப்பா குடியிருக்கேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.