கண்ணாடியில் ஒல்லிப் பூனை

மதிய வெயிலில் ஹாலிவுட் ஸ்டூடியோவின் கார்ட்டூன் அறை வியர்வையும் சுருட்டுப் புகையுமாக நாறுகிறது. படம் வரையும் ஆர்விலின் மேசையில் ஒரு குண்டுப் பூனையும் ஒரு ஒல்லிப் பூனையும் பாதி வரைந்த நிலையில் கிடக்கின்றன. எந்த மேடைக் காமெடி ஜோடியைப் பார்த்து அவற்றை வரைகிறானோ, அந்த ஜோடியே எதிரில் நிற்கிறது: குண்டன் பிக்ஸ்பி, ஒல்லி ரோலோ. மேடையில் செய்வது போலவே ரோலோ பிக்ஸ்பியைப் பளாரென்று அறைகிறான். "பாத்துக்கோப்பா, இப்படி விழணும். இன்னொண்ணு வேணுமா?" என்று ஆர்விலைக் கேட்கிறான். அங்கிருக்கும் எல்லோரும் சிரிக்கிறார்கள். மோவாயில் ஒட்டிய சாண்ட்விச் துணுக்கைக்கூடத் துடைக்காமல் பிக்ஸ்பியும் சிரிக்கிறான். ரோலோ மறுபடி கையை ஓங்கியதுமே பிக்ஸ்பியின் கண்கள் தாமாக மூடிக்கொள்கின்றன. "அந்தக் கண்ண விட்டுடாதே ஆர்வில், அதுதான்டா காமெடி!" என்று டைரக்டர் கத்துகிறார். ஆர்வில் மெல்லக் கேட்கிறான்: "வலிக்கலையா சார்?" "இந்தக் கன்னம்தான்யா எனக்குச் சோறு போடுது," என்கிறான் பிக்ஸ்பி, சிவந்த கன்னத்தைத் தடவியபடி. ஆர்வில் அந்தச் சிவப்பிலிருந்து பார்வையை விலக்குகிறான். ஆனாலும் பென்சிலை எடுக்கிறான். அடுத்து வரைய வேண்டியது அறைகிற ஒல்லிப் பூனையின் இளிப்பு. எந்த முகமானாலும் மேசைக் கண்ணாடியில் தானே செய்து பார்த்துத்தான் வரைவது இங்கே வழக்கம். உதட்டைக் கோணலாக்கப் போனவன் கண்ணாடியை நிமிர்த்துகிறான். கோணலாக்க வேலையே இல்லை. ஒல்லிப் பூனை ஏற்கெனவே அங்கே அவன் முகத்தில் இளித்துக்கொண்டிருக்கிறது.