வலைக்குள் ஓர் இனம்

புறநகர்ச் சதுப்புநிலத்தில் முதல் தடவையாக வந்திறங்கிய ஊசிவால் வாத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

"அக்கா, அதோ மனுஷங்க! அடேயப்பா, எத்தனை அடுக்கு வீடு! வலை எதுக்கு?"

"பாதுகாக்கப்பட்ட இனம்டீ," என்றது உள்ளூர்த் தாழைக்கோழி, பெருமையாக. "பால்கனிக்கு பால்கனி வலை, சுத்தி வேலி. காலையில மட்டும் நடைபாதையில திறந்துவிடுவாங்க."

அந்நேரம் ஒருவர் மூச்சிரைக்க நடந்து வந்தார். வாத்துக்கு ஆசை தாங்கவில்லை. கொழுத்த நத்தை ஒன்றைக் கவ்விக்கொண்டு அவரை நோக்கி ஓடியது.

"ஐயோ, தீனி போடாதே!" தாழைக்கோழி பதறியது. "பழகிட்டா நம்ம தண்ணிக்குள்ளயே வந்து கூடு கட்டிரும்!"

வாத்து நத்தையைத் தானே விழுங்கிவிட்டு, துள்ளலோடு கேட்டது: "சரி, எங்கம்மா சொன்ன தாமரைக் குளத்தைக் காட்டுக்கா!"

தாழைக்கோழி அலகை உயர்த்திக் காட்டியது. அங்கே நாலாவது மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.