நாலு மணிக்கு விருந்தாளி

"அம்மா, உன் மூக்குல ஒட்டடை!" என்று பட்டாணி கைகொட்டிச் சிரித்தாள்.

ஸ்டூல் மேல் நின்று வராந்தாக் கூரையின் மூலையைத் துடைப்பத்தால் இழுத்துக்கொண்டிருந்த தையல்காரி, மூக்கைத் துடைக்கப்போய்க் கன்னத்திலும் தூசியை அப்பிக்கொண்டாள்.

"சிரிச்சது போதும். அந்த வாளியை இப்படித் தள்ளு. நாலு மணிக்கு விருந்தாளி வந்துடுவாங்க."

குளிர்காலம் முழுக்க யாரும் எட்டிப் பார்க்காத வராந்தா அது. காற்று கொண்டுவந்து கொட்டிய சருகு மூலையில் மக்கிக் கிடந்தது. ஒரு வாரமாக வெயில் இதமாகி, தெரு மரமெல்லாம் துளிர்விட்டிருக்க, இந்த வீட்டு வாசல் மட்டும் அழுது வடிந்துகொண்டிருந்தது.

பஸ் ஓட்டுகிற அவள் கணவன் இன்றைக்கு லீவு போட்டிருந்தான். காலையிலிருந்தே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கம்பிக் கைப்பிடியின் துருவை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"பட்டாணி வீட்டுக்கு வந்த வருஷம் அடிச்ச பெயின்ட். அதுக்குள்ள உரிஞ்சு போச்சு" என்றான். "வர்றவங்க இதையெல்லாமா பாக்கப் போறாங்க?"

"பாக்கட்டுமே. வாசல்ல கால் வச்சதும் நல்ல எடம்னு அவங்க மனசுல படணும்."

அவன் குரலைத் தாழ்த்தினான். "அவகிட்ட சொல்லிட்டியா?"

"வேலை முடியட்டும். சொல்றேன்."

"ஆபீஸ் மேடம் போன வாரமே சொல்லிடச் சொன்னாங்க. அன்னிலேர்ந்து நீயும் இதையேதான் சொல்ற."

 தையல்காரி சோப்புத்தூளைத் தரையில் கொட்டி, மண்டியிட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். நேற்று ஜன்னல், முந்தாநாள் கதவு. வேலை மட்டும் முடிந்தபாடில்லை.

பட்டாணி நுரையில் சறுக்கி விளையாடினாள். பாவாடையெல்லாம் ஈரம். மற்ற நாளாயிருந்தால் முதுகில் ரெண்டு விழுந்திருக்கும். இன்றைக்குத் தையல்காரி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, விருந்தாளிக்குக் கொழந்தை இருக்கா?"

"ம்... இருக்கு."

"பொண்ணா, பையனா?"

"பொண்ணு."

"ஐ! அப்ப அவ என் நாற்காலியில உக்காரட்டும்." ஆறு வயசுக்காரி உள்ளே ஓடி, தன் சின்னச் சிவப்பு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். வாசலைப் பார்க்கிற மாதிரி அதைப் போட்டுவிட்டு, துணியை நனைத்து அவளே துடைத்தும் வைத்தாள்.

கைப்பிடியின் அடியில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவன் பிரஷ்ஷை டப்பாவில் போட்டுவிட்டு எழுந்தான். "கண்ணுல தூசி விழுந்துடுச்சு" என்று முணுமுணுத்தபடி கொல்லைப்பக்கம் போய்விட்டான்.

மூன்று மணிக்குத் தரை காய்ந்தது. தையல்காரி தானே தைத்த மஞ்சள் உறைகளை மெத்தைகளுக்கு மாட்டி பெஞ்சில் அடுக்கினாள். கதவின் இரு பக்கமும் பூச்செடித் தொட்டிகள். எது எந்தப் பக்கம் என்று பட்டாணி இடுப்பில் கைவைத்து உத்தரவு போட்டாள்.

"புது வீடு மாதிரி இருக்கும்மா! தினமும் விருந்தாளி வந்தா நல்லாருக்கும்ல?"

தையல்காரி அவளைக் குளிப்பாட்டி, நல்ல கவுன் போட்டுவிட்டு, வராந்தாவிலேயே உட்காரவைத்துத் தலை பின்னினாள். முடி கொஞ்சம்தான். இரண்டு நிமிஷத்தில் முடிகிற பின்னல். பின்னினாள், அவிழ்த்தாள், மறுபடி பின்னினாள்.

"பட்டாணி... அம்மா உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

 சொல்ல வேண்டியதை ஒரு வாரமாக மனசுக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள். வாயில் வந்தது வேறு.

"தலைய ஆட்டாத."

அவள் ரிப்பனை முடிச்சுப் போடும்போதே வாசலில் கார் வந்து நின்றது. நாலடிக்கக்கூட இல்லை. குழந்தைகள் நல ஆபீஸ் மேடம் கையில் ஃபைலோடு முதலில் இறங்கினார். பின்னால் ஒருத்தி. ஒடிந்துவிடுகிற மாதிரி மெலிந்த உடம்பு. நெடுநாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தவளுக்கு, தலைமுடி இப்போதுதான் விரல்நீளம் வளர்ந்திருந்தது.

அவள் செருப்பைக் கீழ்ப்படியிலேயே கழற்றினாள். "மிதிக்கலாமாங்க? இப்பத்தான் கழுவியிருக்கீங்க போலிருக்கு..."

"வாங்க" என்றாள் தையல்காரி. "உங்களுக்காகத்தான் கழுவினேன்."

வந்தவள் மேலே ஏறவில்லை. பூந்தொட்டியையோ, மஞ்சள் மெத்தையையோ, பளபளக்கிற கைப்பிடியையோ அவள் பார்க்கவும் இல்லை. பட்டாணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு துடித்தது. நீட்டலாமா கூடாதா என்று தெரியாமல் கை பாதியில் நின்றது.

பட்டாணி சட்டென்று தையல்காரியின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். தலையை மட்டும் நீட்டி, ரகசியம் போலக் கேட்டாள்.

"யாரும்மா இவங்க? எதுக்கு அழறாங்க?"

உள்ளே கணவன் பட்டாணியின் துணிப்பெட்டியைப் பூட்டுகிற சத்தம் கேட்டது. தையல்காரி மெல்லக் குனிந்தாள். தன் புடவையை இறுக்கிப் பிடித்திருந்த அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள்.

"உங்க அம்மா, கண்ணு."