கழுத்தளவு

வால்டர் கத்தரிக்கோலை எடுத்து, நீரில் இறங்கும் சூட்டின் கழுத்து ரப்பரைச் சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி எறிந்தார்.

"அண்ணே! இன்னாண்ணே பண்ணிட்ட?"

செங்குட்டுவன் கையில் சொல்யூஷன் டியூப் அப்படியே நின்றது. கிழிந்த ரப்பருக்கு சைக்கிள் டியூபில் ஒட்டுப் போட்டு, காயவைத்து, பவுடர் தடவி, காலையிலிருந்து அவன் செய்த வேலை வளையமாகத் தரையில் கிடந்தது.

"கிழிசலை எடுத்துட்டேன்," என்றார் வால்டர்.

"கிழிசலு நகத்தளவு. நீ வெட்டுனது இத்தினி. உன் கயுத்துக்கு அளவெடுத்தா மாரி கீது."

வால்டருக்குத் தடித்த கழுத்து. செங்குட்டுவனுடையது அதில் பாதிதான் இருக்கும். படகுகள் அணையும் அந்த ஜெட்டியில் இருவருக்கும் சேர்த்து இருந்தது, உடம்பு நனையாமல் காக்கும் அந்த ஒரே டிரை சூட். எண்ணூரில் நீருக்குள் இறங்கித் தூண்களில் ஒட்டிய சிப்பியைச் சுரண்ட அது இல்லாமல் முடியாது. எண்ணெயும் சாம்பலும் கலந்த தண்ணீர் பட்டால் தோல் கொப்பளித்துவிடும். கழுத்து ரப்பர் கவ்விப் பிடித்தால்தான் சூட்டுக்குள் தண்ணீர் வராது.

"போடு, பாப்போம்," என்றார் சூப்பர்வைசர் தேவப்பிரியம்.

செங்குட்டுவன் சூட்டை மாட்டிக்கொண்டான். வால்டர் அவனுக்கு இடப்பக்கம் நின்று, "தலைய நிமித்து," என்றார். அவன் அசையவில்லை. அவர் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து அதையே சொன்னார். நிமிர்த்தினான். ரப்பருக்கும் கழுத்துக்கும் நடுவே அவருடைய விரல் தாராளமாகப் போய் வந்தது.

"வெரலு போவுது. தண்ணி போவாதா?" என்றார் வால்டர்.

"டியூபை வெட்டி மேல பட்டி மாரி சுத்திக்கறேன் சார். பத்து நாளு தாங்கும்." சொல்லிக்கொண்டே சுற்றி இறுக்கினான்.

தேவப்பிரியம் யோசித்தார். வால்டர் பட்டியை உருவி அப்பால் வீசினார்.

"கயுத்தை இறுக்குனா கீய போய் மயக்கம் போட்டுருவான் சார். போய் தூக்கினு வர இன்னொரு சூட்டு கீதா?"

தேவப்பிரியம் தலையை ஆட்டினார். "சரி. வேணாம்."

"புது ரப்பர் எப்ப வரும்?" வால்டர் கேட்டார்.

"பம்பாய்லேர்ந்து வரணும். ஒரு மாசம் ஆகும்."

"ஒரு மாசமா? போதும்," என்றார் வால்டர். "அது வரைக்கும் ரெண்டு பேரு வேலையும் நான் பாத்துக்கறேன். அவன் மேல நின்னு கயிறு புடிக்கட்டும்."

"அப்டி சொல்லு!" செங்குட்டுவன் சூட்டைக் கழற்றிப் போட்டான். "தண்ணில எறங்கற படிக்காசு மொத்தமும் உனக்கு. நான் கயிறு புடிச்சுகினு உன் மூஞ்சிய பாக்கணும். நல்லா கீது நைனா உன் நாயம்."

வால்டர் குனிந்து சூட்டை எடுத்து உதறினார்.

"நம்ம கூட எறங்கினு இருந்த சின்னப்பையன ஆபீஸ்ல போட்டுக் குடுத்ததும் நீதான? காதுல ஓட்டை, எறக்காதீங்கன்னு?"

"ஆமா."

"வேலைய உட்டே தூக்கிட்டாங்க. இப்ப இன்னா பண்றான் தெரியுமா? மூலக்கொத்தளம் சுடுகாட்டுல பள்ளம் தோண்டினு கீறான்."

"தெரியும். போன வாரம் போய் பாத்தேன்." வால்டர் சூட்டுக்குள் காலை நுழைத்தார். "தண்ணி படாம ஒரு மாசம் இருந்தானாம். ஓட்டை தானா மூடிக்கிச்சாம். வேலைதான் போனது போனதுதான்."

"இத சொல்ல உனக்கு வெக்கமா இல்ல? மன்சனா நீ?"

செங்குட்டுவன் கயிற்றை இழுத்துக்கொண்டு ஜெட்டியின் விளிம்புக்குப் போய், முதுகைக் காட்டி நின்றான். தேவப்பிரியம் நோட்டைத் திறந்து எழுதினார்: 'கழுத்து ரப்பர் பழுது. செங்குட்டுவனுக்கு ஒரு மாதம் மேல் வேலை.'

வால்டருக்குக் கழுத்து ரப்பர் கச்சிதமாகக் கவ்விக்கொண்டது. கொக்கியில் தொங்கிய தலையுறையை எடுத்தார். நேற்று செங்குட்டுவன் போட்டு இறங்கியது. உட்புறத்தை வெளியே திருப்பினார். இடது காது வரும் இடத்தில் கொஞ்சம் பஞ்சு ஒட்டியிருந்தது. அதைச் சுற்றி ரத்தம் காய்ந்திருந்தது. முந்தாநாள் பார்த்ததைவிடப் பெரிய கறை.

தேவப்பிரியம் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார்.

வால்டர் பஞ்சைப் பிய்த்தெடுத்துத் தண்ணீரில் போட்டார். மக்கில் நல்ல தண்ணீர் மொண்டு ஊற்றி, கறை போகும்வரை கட்டைவிரலால் தேய்த்தார். பிறகு அந்த ஈரத்தோடே அதைத் தலையில் மாட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினார்.