சைட் நம்பர் பதினாலு

“யார் வீட்டிலயும் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கக் கூடாதுங்க. ரிப்போர்ட்டைக் கவர்ல போட்டு ஒட்டற வரைக்கும், கேள்வி கேக்கறதுக்கு மட்டுந்தான் வாயைத் திறக்கணும்” என்றாள் லோகப்பிரியா, குறிப்பாக ஐயாசாமியைப் பார்த்து.

ஐயாசாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கடன் கேட்பவர்களின் வீடுகளைச் சோதித்து வங்கிக்குச் சான்று கொடுக்கும் எஞ்சினியர் அவர். இருபத்திரண்டு வருஷ அனுபவம். காபியும் பலகாரமும் சாப்பிட்டுக்கொண்டே சுவரை ஒரு நோட்டம் விட்டுக் கையெழுத்துப் போட்டுப் பழகியவர். 1996-இல் வங்கிக்கு என்ன பேய் பிடித்ததோ, எல்லா எஞ்சினியர்களும் மூன்று நாள் மறுபயிற்சிக்கு வர வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டது. கடைசி நாள் ஆளுக்கொரு வீடு, தனித்தனியாகப் பரீட்சை. தேறாதவர்களின் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். பெயர் போனால் பிழைப்பும் போச்சு.

பாடம் நடத்துகிற லோகப்பிரியாவுக்கோ அவருடைய மூத்த மகன் வயதுதான். முதல் வகுப்பே ‘வீட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?’ என்று ஆரம்பித்தாள். ‘கோயமுத்தூர்ல எனக்குத் தெரியாத ஊடா?’ என்று அப்போதே தூங்கிவிட்டார்.

மூன்றாம் நாள் வடவள்ளிக்கு ஸ்கூட்டரில் போனார். அவள் கொடுத்திருந்த துண்டுச் சீட்டில் ‘சைட் நம்பர் 14’ என்று இருந்தது. கதவில் பெரிதாக 14 என்று எழுதியிருந்த வீட்டின் கேட்டைத் திறந்தார்.

“வாங்க, வாங்க! மொதல்ல ஒரு பெரியவரு வந்து பாப்பாருன்னு சொன்னாங்க. தனியாத்தான் வந்தீங்களா?” வீட்டுக்காரர் பாலுசாமி ஓடிவந்து கும்பிட்டார்.

“தனியாத்தான் பாக்கணுமுங்க. பாத்துப்போட்டு நான் சொல்றதுதான் முடிவு.”

“நல்லாப் பாருங்க. எங்களுக்கு ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க.”

பாலுசாமியின் மனைவி காளியாத்தாள் காபி கொண்டுவந்தாள்.

“வேண்டாமுங்க.”

“மோராச்சும்…”

“தண்ணிகூட வேண்டாமுங்க.”

காளியாத்தாளின் முகம் சுருங்கிப்போனது. பாலுசாமி கலவரத்தோடு மனைவியைப் பார்த்தார். ‘எப்படி நடிக்கறாங்க பாரு! பேங்க்காரங்க சொல்லிக்குடுத்திருப்பாங்க. பரீட்சையாம் பரீட்சை’ என்று ஐயாசாமி மனதுக்குள் சிரித்துக்கொண்டார். மூலையில் இஸ்திரி கலையாத சட்டையோடு ஒருவன் கைகட்டி நின்றான். மகன் கிருபாசங்கர் என்றார்கள். காலை பத்து மணிக்கு எவன் வீட்டில் இப்படி உடுத்திக்கொண்டு நிற்கிறான்? வங்கி அனுப்பிய ஒற்றன்தான், சந்தேகமேயில்லை.

ஐயாசாமி இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக ஒரு வீட்டை ஒழுங்காகப் பார்த்தார். சுவரைத் தட்டினார். குழாயைத் திறந்தார். கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்தார்.

“பாகப்பிரிவினை எல்லாம் ஆயிருச்சுங்களா?”

“பங்குக்கு ஆளே இல்லீங்க. எனக்கப்புறம் எல்லாம் இவனுக்குத்தான்.”

“சமையக்கட்டுல வெளிச்சம் பத்தாதுங்களே.”

“தை மாசத்துக்குள்ள பெரிய ஜன்னலா வெச்சுப்போடறேனுங்க.”

ஐயாசாமிக்கு ஆச்சரியம். குற்றம் சொன்னால் சண்டைக்கு வருகிற வீட்டுக்காரர்களைத்தான் அவர் கண்டிருக்கிறார். உற்சாகம் வந்துவிட்டது.

“மாடிப்படி இவ்வளவு செங்குத்தா இருந்தா, நாளைக்கு ஒரு புள்ளத்தாச்சி எப்படிங்க ஏறி எறங்குவா?”

காளியாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கிருபாசங்கர் வெட்கத்தோடு தரையைப் பார்த்தான். பாலுசாமி மட்டும், “அதையும் இடிச்சுக் கட்டிப்போடலாமுங்க” என்றார்.

கூடத்தில் உட்கார்ந்து நாலு பக்கத்துக்கு ரிப்போர்ட் எழுதினார் ஐயாசாமி. மூன்று பேரும் அவருடைய பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கவரில் போட்டு, நாக்கால் நனைத்து ஒட்டி, நிமிர்ந்தார்.

“சில்லறைக் குறைக இருக்குது. மத்தபடி ஊடு கெட்டியா இருக்குது. எனக்குப் பூரண திருப்திங்க.”

பாலுசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. ‘தேர்ந்த நடிகன்’ என்று மெச்சிக்கொண்டார் ஐயாசாமி.

“அப்ப, ஒரு வாய்…” என்று இழுத்தாள் காளியாத்தாள்.

கவரை ஒட்டும் வரைக்கும்தானே அந்தப் பெண் சொன்னாள்? ஒட்டியாயிற்று. காலையிலிருந்து வயிறு வேறு கூப்பாடு போட்டுக்கொண்டிருந்தது.

“போடுங்க.”

இலை விழுந்தது. இடியாப்பம்போல் பிழிந்த சந்தகையும் தேங்காய்ப்பாலும் வந்தன. நன்றாகப் பிசைந்து, ஒரு பெரிய கவளமாக எடுத்து வாயில் போட்டார்.

“கிருபா! மாமன் கால்ல விழுந்து கும்புட்டுக்க கண்ணு!” என்று கத்தினார் பாலுசாமி. ஒற்றன் தடாலென்று காலில் விழுந்தான். “தண்ணிகூட வேண்டாம்னதும் எங்களுக்கு ஈரக்கொலையே ஆடிப்போச்சுங்க. சம்மதமில்லாம பொண்ணு ஊட்டுக்காரங்க மாப்பிள்ளை ஊட்டுல கை நனைப்பாங்களா? நனைச்சுப்போட்டீங்க! இனி நாம சம்பந்திங்க!”

“ஏனுங்க, பொண்ணு பேரு என்னங்க?” என்றாள் காளியாத்தாள், அடுத்த கரண்டி தேங்காய்ப்பாலை ஊற்றிக்கொண்டே.

மூன்றும் பையன்களாகவே பெற்ற ஐயாசாமி, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பினார். எதிர்வீட்டு வாசலில், மனை பிரித்தபோது ‘சைட் நம்பர் 14’ என்று எழுதி நட்ட கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, லோகப்பிரியா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.